நேரத்தைக் கேட்டறிதல்



பூம்புகார் நகர மக்களை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், நாழிகைக் கணக்கரையும் குறிப்பிடுகிறது. பொழுதை அளந்து அறிவிப்பது அவர்கள் தொழில். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம்.

பிற்காலத்திலே ஊர்களை ரயில் இணைத்தது. ஊருக்கு ஒரு நேரம் என்பது இனி ஒவ்வாது என்றாயிற்று. சென்னை நேரத்தைக் கொண்டு ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. இன்று புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு அதைக் காத்து வருகிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், பள்ளி மணிக்கு என் கைக்கடிகாரமே பிரமாணம். அது பிழைபடும் என்று நான் எண்ணியதே இல்லை. ஓய்வு பெற்றபின் ஒரு நாள், அண்டை வீட்டு மாணவி உதவித்தொகைக்குக் கணினியில் விண்ணப்பித்துக் கொண்டிருந்தாள். மாலை 5 மணி கடைசி நேரம். கணினி 4.56 காட்டியது. “பதறாதே அம்மா, நிதானமாகச் சரிபார்” என்றேன். அவள் அனுப்பியபோது வாயில் அடைபட்டிருந்தது. கணினிக் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தது! அதை ஓட்டும் சிறு மின்கலம் வலுவிழந்திருந்தது. இணைய வழியே நேரத்தைத் திருத்தும் ஏற்பாடும் நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த ஏற்பாடு யாது? டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1980-களில் வகுத்த முறை அது. சரியான நேரத்தைக் காக்கும் கணினியை நேர வழங்கி என்போம். நம் கணினி 10 மணி 0 விநாடிக்கு அதனிடம் நேரம் கேட்கிறது என்று கொள்வோம். வழங்கி, “10 மணி 5 நிமிடம் 2 விநாடி” என்று உடனே விடையளிக்கிறது. விடை வந்து சேரும்போது நம் கடிகாரத்தில் 10 மணி 4 விநாடி. போக வர 4 விநாடி. வரவுக்கு மட்டும் 2 விநாடி. ஆகவே உண்மை நேரம் 10 மணி 5 நிமிடம் 4 விநாடி. பிழை சரியாக ஐந்து நிமிடம்! உண்மையில் இப்பயணம் விநாடியின் சிறு பகுதியிலேயே முடிந்துவிடும். பிழை சிறிதாயின் கடிகாரம் ஒரேயடியாகத் தாவாது. தன் ஓட்டத்தைச் சற்றே விரைவாக்கியோ தாழ்த்தியோ மெல்லத் திருந்தும்.

அம்மாணவி மறு ஆண்டு விண்ணப்பித்தாள். கடைசி நாளுக்கு முன்பே அனுப்பினாள். நானோ, தாமதம் என்று வெயிலில் நிறுத்திய பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுள் எத்தனை பேர் என் கடிகாரத்தின் பிழைக்காக நின்றார்களோ! ஒரு முறையேனும் நான் அதைப் பிறிதொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டிருக்கலாம்.

இன்றே உங்கள் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்.