விரைந்து முடிக்கும் பிள்ளை



கணித பாடவேளை. உபாத்தியாயர் கரும்பலகையிற் பத்துக் கணக்குகளை எழுதிவிட்டு அமர்கிறார். நாற்பது பிள்ளைகள் கொப்பியைத் திறக்கின்றனர். எட்டு நிமிடங்களில் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், செய்து முடித்துவிட்டேன்" என்கிறது. விடைகள் யாவும் சரி. பாடவேளை முடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தை அப்பிள்ளை என்ன செய்வது?

"கையைக் கட்டிக்கொண்டு இரு" என்பது ஒரு விடை. "அதேபோல இன்னும் பத்துக் கணக்குச் செய்" என்பது மற்றொரு விடை. இரண்டாவது விடை உற்சாகமூட்டுவதுபோலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு தண்டனையேயாகும். விரைந்து முடித்தால் வேலை இரட்டிக்கும் என்பதை அறிந்துகொண்ட பிள்ளை, அடுத்த நாள் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்கிறது. அன்றேல் குழப்படி செய்யக் கற்றுக்கொள்கிறது. "நல்ல மூளை, ஆனால் அடக்கமில்லை" என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதப்படும் பிள்ளைகளுட் சிலர், உண்மையிற் செய்வதற்கு வேலையின்றித் தவித்த பிள்ளைகளே.

மீத்திறன் வாய்ந்த பிள்ளைகள் என்று கல்வியியலாளர் கூறும் இவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவி தேவையில்லை, அது தானாகவே முன்னேறிவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். பின்தங்கிய பிள்ளைக்கு ஆசிரியரின் கவனம் வேண்டும் என்பது முற்றிலும் நியாயமே. ஆயினும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு வேறொரு குறை உண்டு. அதற்குச் சிரமம் கிடைப்பதில்லை. பத்து வருடங்கள் யாதொரு பாடத்திலும் இடறாமல் வளர்ந்த பிள்ளை, உயர்தர வகுப்பிலோ பல்கலைக்கழகத்திலோ முதன்முதலாக ஒரு கடினமான பாடத்தைச் சந்திக்கும்பொழுது திகைத்துவிடுகிறது. தன் அறிவு தீர்ந்துபோயிற்றோ என்று அஞ்சுகிறது. மற்றப் பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வயதிலேயே கற்றுக்கொண்ட ஒன்றை, அதாவது விளங்காத பொருளின்முன் பொறுமையோடு அமர்ந்திருக்கும் பழக்கத்தை, இப்பிள்ளைக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

இத்தகைய பிள்ளையை எவ்வாறு இனங்காண்பது? நமது நாட்டில் இவ்வினாவுக்கு ஆயத்தமான விடையொன்று உண்டு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய மகா வித்தியாலயங்களும் புலமைப்பரிசில்களும் அதே பெருமுயற்சியைச் சார்ந்தவையே. ஏழைக் கிராமத்துப் பிள்ளையின் கையில் ஒரு கதவின் திறவுகோலைக் கொடுப்பது அவற்றின் நோக்கம். அந்நோக்கத்தை நான் மதிக்கின்றேன். அத்திறவுகோலால் வாழ்வு பெற்றோர் ஆயிரமாயிரம் பேர். ஆனால் பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் ஒரு ரியூசன் வகுப்புக்கும் மாலையில் இன்னொரு ரியூசன் வகுப்புக்கும் அனுப்பி, வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்தால் மேதை, ஒரு புள்ளி குறைந்தால் சாதாரணம் என்று வீட்டார் தீர்மானித்துவிடும்பொழுது, பரீட்சை தன்னால் இயலாத ஒரு வேலையைச் செய்யுமாறு நிர்ப்பந்திக்கப்படுகிறது. நன்கு பழக்கப்பட்ட பிள்ளையையும் இயல்பாகவே கூர்மையான பிள்ளையையும் ஒரு வினாத்தாள் எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை.

புள்ளிகளை மட்டும் நம்புவோர் கேட்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் லூயிஸ் ரெர்மன் என்னும் உளவியலறிஞர் 1921ஆம் ஆண்டு ஒரு பெரும் ஆய்வைத் தொடக்கினார். நுண்ணறிவுச் சோதனையில் மிக உயர்ந்த புள்ளி பெற்ற ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய வாழ்க்கையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிப்பதே அவ்வாய்வு. அப்பிள்ளைகளிற் பலர் நன்றாகவே வாழ்ந்தனர். ஆனால் அதே சோதனைக்குட்பட்டுப் போதிய புள்ளி பெறாமையால் விடப்பட்ட சிறுவர் இருவர் இருந்தனர். ஒருவர் வில்லியம் ஷொக்லி. மற்றவர் லூயிஸ் அல்வாரெஸ். ஷொக்லி 1956இலும் அல்வாரெஸ் 1968இலும் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசில் இடம்பெற்றனர். தெரிவுசெய்யப்பட்டவர்களுள் ஒருவரேனும் அப்பரிசைப் பெறவில்லை. இதனாற் சோதனைகள் யாவும் பயனற்றவை என்று சொல்ல நான் வரவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழேயும் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதையே சொல்கின்றேன்.

ஆகவே புள்ளியைவிட நடத்தையைப் பாருங்கள். சந்திரன் ஏன் நம்மோடு கூடவே வருகிறது என்று கேட்டு, நீங்கள் சொன்ன விடையில் திருப்தியடையாமல் மீண்டும் கேட்கும் பிள்ளை. பழுதான துவிச்சக்கர வண்டி மணியைக் கழற்றிப் பூட்டும் பிள்ளை. ஒரு தரம் கேட்ட பாட்டைச் சுருதி பிசகாமற் பாடும் பிள்ளை. தன்னிலும் மூத்தவர்களோடு வாதாடும் பிள்ளை. இவர்களுட் சிலருக்கு எழுத்து ஒழுங்காக வராது. சிலர் வாசிப்பதற்கே இடர்ப்படுவர். பெண்பிள்ளையாயின், அதே கேள்விகளுக்கு "வாய்க்காரி" என்ற பட்டமும் கிடைக்கும். ஆண்பிள்ளை கேட்டால் அறிவு, பெண்பிள்ளை கேட்டால் வாய் என்பது எந்தச் சாஸ்திரத்தில் எழுதப்பட்டுள்ளதோ நானறியேன்.

சிரமம் வேண்டும் என்றேன். அதற்குச் சீனிவாச இராமானுஜனின் இளமை நல்ல சான்று. அம்மேதையைப் பற்றி நாம் கேட்கும் கதைகளில் தெய்வ அருள் பேசப்படும், பாடசாலை பேசப்படுவதில்லை. கும்பகோணத்துப் பாடசாலையில் அவருடைய கணித ஆசிரியர், பாடசாலையின் நேரசூசியைத் தயாரிக்கும் பணியில் அம்மாணவனைச் சேர்த்துக்கொண்டார். இத்தனை வகுப்புகள், இத்தனை ஆசிரியர்கள், ஒருவரும் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் இருத்தலாகாது. பெரியவர்களுக்கே தலையிடி தரும் அவ்வேலை அச்சிறுவனுக்கு ஏற்ற உணவாயிற்று. பதினாறு வயதளவில் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் நிறைந்த அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கம். பலவற்றுக்கு இல்லையென்றே சொல்லலாம். நிறுவும் சிரமம் முழுவதும் வாசிப்பவனுக்கே. இராமானுஜனை வளர்த்தது அந்தக் குறைபாடுதான் என்று நான் துணிந்து கூறுவேன்.

அடுத்து நிகழ்ந்தது துக்ககரமானது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. கணிதத்திலேயே மூழ்கியிருந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அது பறிபோயிற்று. பின்னர் சென்னையிலும் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. 1912இற் சென்னைத் துறைமுகத்தில் இலிகிதராகச் சேர்ந்தார். 1913இற் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பின்னரே கதவுகள் திறந்தன. 1920இல் 32 வயதில் அவர் மறைந்தார். இளம்பருவத்தில் வழிகாட்டியின்றிக் கழிந்த ஆண்டுகளையே ஹார்டி பேரிழப்பாகக் கருதினார். ஏனைய பாடங்களைத் தள்ளிவைத்தல் சரியென்று நான் வாதிக்கவில்லை. ஆனால் ஒரு துறையில் அளவுகடந்த ஆற்றலுடைய பிள்ளை எல்லாத் துறைகளிலும் அவ்வாறே இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பதும், அவ்வாறில்லாதபோது இருந்த ஆதரவையும் பறித்துவிடுவதும் அக்காலத்தோடு ஒழிந்துவிட்டனவா?

இனி வீட்டுக்கு வருவோம். பெற்றோரிடம் முதலில் நான் கேட்டுக்கொள்வது புகழ்ச்சி பற்றியது. கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இரு உளவியலறிஞர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. செய்து முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" எனவும், வேறு சிலரிடம் "நீ நன்றாக முயன்றாய்" எனவும் கூறப்பட்டது. பின்னர் கடினமான புதிர்கள் வந்தன. அறிவுக்காகப் புகழப்பட்டோர் விரைவிற் சோர்ந்தனர். மறுபடி இலகுவான புதிர்களைக் கொடுத்தபோதும் முன்னையிலும் குறைவாகவே செய்தனர். முயற்சிக்காகப் புகழப்பட்டோரோ முன்னையிலும் நன்றாகச் செய்தனர். வந்தவர் போனவர் முன்னிலையிற் பிள்ளையை நிறுத்தி வாய்பாடு சொல்ல வைக்கும் தந்தைமார் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக. கெட்டிக்காரன் என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளை, தோற்கக்கூடிய எதையும் தொட அஞ்சும்.

கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் மானக்குறைவு யாதுமில்லை. "எனக்கும் தெரியாது மகன், சனிக்கிழமை வாசிகசாலைக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஒரு தாய் சொன்னால், விடையைவிடப் பெரிய ஒன்றை அவள் கொடுத்துவிட்டாள். தாய் எழுதப்படிக்கத் தெரியாதவளாயினும் இதைச் செய்யலாம். விளையாட்டைப் பறிக்காதீர்கள். எட்டு வயதில் பன்னிரண்டு வயதின் அறிவு இருக்கலாம். முழங்காலில் அடிபட்டால் அழுவது எட்டு வயதுதான்.

பாடசாலையிற் செய்யத்தக்கது என்ன? முற்காலத்தில் இரட்டை வகுப்பேற்றம் என்றொரு வழக்கம் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வகுப்புத் தாண்டி ஏற்றிவிடுவர். பிள்ளையின் பக்குவம் அறிந்து செய்தால் அதனாற் பெருந்தீங்கு விளைவதில்லை என்றே பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. முழு வகுப்பும் தாண்டாமல், கணித பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்பில் அமர்த்துவது எளிது. ஓரிரு ஆசிரியர்களோடு இயங்கும் சிறு பாடசாலைகளில் இரண்டு வகுப்புகள் ஒரே மண்டபத்தில் இருப்பதைக் குறையாகவே பேசுகின்றோம். அங்கே பக்கத்து வகுப்புப் பாடத்தைக் காதாற் களவாடும் பிள்ளைக்கு அது வரமாகவும் அமையும்.

இவை எவையும் இயலாத வகுப்புக்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. வகுப்பின் பின்புறத்தில் ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். அதில் அட்டைக்கொரு வினாவாக எழுதி இடுங்கள். 9ஆல் ஓர் எண்ணைப் பெருக்கி வரும் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறதே, ஏன்? 9ஐ 11ஆற் பெருக்கும்போது 18 வருவதேன்? நம் ஊர்ப் பெயர்களுள் "வில்" என்று முடிபவை எத்தனை, அவ்விடங்களில் நீர்நிலை உண்டா? பாடசாலைப் பனைமரத்தில் ஏறாமல் அதன் உயரத்தை எவ்வாறு அளப்பாய்? முடித்த பிள்ளை எதுவாயினும் எழுந்து சென்று ஓர் அட்டையை எடுக்கலாம். இன்னாருக்கு மட்டும் என்று பெயர் குறிக்க வேண்டியதில்லை. பெயர் குறியாதபடியால், ஒருவரும் எதிர்பாராத ஒரு பிள்ளை அப்பெட்டியண்டை அடிக்கடி போவதையும் ஆசிரியர் காண நேரும். விடைக்குப் புள்ளி இடவேண்டாம்; ஒரு வாரம் சென்று விடை வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு அட்டைகள் எழுதினால் ஆண்டிறுதியில் ஏறக்குறைய எண்பது சேரும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கும் அவை இருக்கும்.