பழைய விரிப்புக்குப் புது வண்ணம்

நிறம் மங்கிய தரைவிரிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் மேல் வண்ணம் தீட்டலாம். தட்டையாக நெய்த பருத்தி விரிப்புதான் இதற்கு வசதி. முதலில் துவைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் ஒட்டாது. அக்ரிலிக் வண்ணத்தோடு ஃபேப்ரிக் மீடியம் கலந்தால் துணி அதிகம் விறைக்காது. தூரிகையை இழுக்காமல், செங்குத்தாகப் பிடித்து ஒற்றுங்கள். மெல்லிய பூச்சு போதும், அது காய்ந்த பின் அடுத்தது. தடிமனாகப் பூசினால் மடிக்கும்போது வெடித்துவிடும்.

இது புது யோசனை அல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கித்தான் துணிக்கு எண்ணெய் வண்ணம் பூசித் தரையில் விரித்தார்கள். 1863இல் ஃபிரெடரிக் வால்டன் என்பவர் லினோலியம் என்ற தரை உறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அந்த வழக்கம் மெல்லத் தேய்ந்தது. அந்தக் காலத்தவர் விரும்பித் தீட்டிய கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் என்ன அழகு! மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் நம் வீட்டிலும் அந்தக் கோடுகள் நேராக வரும்.