மலிவான கணினி: பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. நாமும் ரிச்சி தெருவுக்குப் போகிறோம். "ஐ5 பாய், ஐ3-ஐவிட ஒசத்தி" என்று பழைய கணினி ஒன்றைக் காட்டுகிறார்கள். விலையும் குறைவு, வாங்கிவிடுகிறோம். ஹார்பரிலும் கம்பெனியிலும் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. வீணாகக் கூடாது என்றுதான் இன்று பிராசஸரைப் பற்றிப் பேசுகிறோம்.

பிராசஸர்தான் கணினியின் மூளை. ஐ3, ஐ5 என்பவை இன்டெல் நிறுவனம் வைத்த பெயர்கள். பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். ஐ5-2400 என்றால் 2ஆம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ3-12100 என்றால் 12ஆம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் 4 கோர்தான். ஆனாலும் பிந்தைய ஐ3, பழைய ஐ5-ஐ வேகத்தில் வெகுவாக முந்திவிடும்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே, அதற்கு முந்தியதைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் எறியவும் வேண்டாம். லினக்ஸ் போட்டுப் படிக்கப் பயன்படுத்தலாம்.

ஐ3-12100இன் நிறைகள்: டேலி, எக்ஸெல், ஆன்லைன் வகுப்பு, புரோகிராமிங் பயிற்சி எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு வேண்டாம். பிறகு வசதி வந்தால், மதர்போர்டு ஏற்றுக்கொள்ளும் 13 அல்லது 14ஆம் தலைமுறை பிராசஸரை அதிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. 4 கோர்தான் என்பதால் பெரிய வீடியோ எடிட்டிங், 3டி டிசைன் வேலைகளில் திணறும். அந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளைக்கு, கூடுதல் கோர் உள்ளதைப் பார்ப்பதே நல்லது. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் கனமான விளையாட்டுகளுக்குத் தாங்காது. அதைக் குறை என்று பெற்றோர் யாரும் சொல்ல மாட்டீர்கள்!

முக்கியமாக, எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 12100எஃப் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவாகிவிடும்.

பிராசஸர் நன்றாக இருந்தும் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டால் கணினி நகராது. எஸ்எஸ்டி அவசியம்; ரேம் 8 ஜிபியாவது வேண்டும்.

ஆகவே, கடையில் காசை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: முழு எண் என்ன? கடைசியில் எஃப் உண்டா? பில்லில் அந்த எண்ணை எழுதித் தருவீர்களா? மூன்றாவதற்குத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடங்கள். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்?