தாத்தா பெயரில் பட்டா

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுத்தால், பட்டாதாரர் அல்லது அவருடைய வாரிசு என்று காட்டினால்தான் இழப்பீடு. பட்டா பாட்டனார் பெயரிலேயே இருந்தால் வம்சாவளி முழுவதையும் நிரூபிக்க வேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். முனுசாமி மகன் ஏழுமலை, ஏழுமலை மகன் முனுசாமி! பத்திரத்தில் இருப்பது எந்த முனுசாமி?

கட்டிக்கொடுத்த அத்தைகள் நிலை இன்னும் மோசம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பங்கு தந்தது. பல வீடுகளில் அவர்கள் பெயரை எழுதி வைத்தவர்தான் இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

வீட்டில் பாட்டி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். அத்தை வாழ்க்கைப்பட்டது வல்லத்திலா, மாத்தூரிலா? நோட்டில் எழுதிவிடுங்கள், இனிஷியலை விரித்து, முழுப் பெயராக.