கோபுரங்கள் பேச்சிழந்த பிறகு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த ஒன்றுகூடலில், விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



விழாக் குழு எங்களுக்குத் தந்த தலைப்பு ‘பெண்களும் விஞ்ஞானமும்’. இந்த மண்டபத்தில் அந்தத் தலைப்பில் பேசாத ஆண்டு ஏது? ஆகவே அதைப் பக்குவமாக ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறோம். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை நமது பாடசாலையில் ஓர் அமெச்சூர் வானொலி நிலையம் அமைப்பதற்கு ஒதுக்க வேண்டும். நுழைவாயிலில் வளைவு கட்டும் பிரேரணை ஒன்றும் இருப்பது எங்களுக்குத் தெரியும். வளைவுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. எங்கள் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தில் கம்மடுவப் பக்கம் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. மலை சரிந்தது, பாதை போனது, மின்சாரம் போனது. கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கு மின்சாரமும் இல்லை, அவற்றை இணைக்கும் கம்பிகளும் பல இடங்களில் அறுந்துவிட்டன. டொரொன்டோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் நம் தோழிகள் இரவு பகலாகத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கவில்லை. அம்மா மேட்டு லயத்தில் இருக்கிறாரா, கோயில் மடத்துக்கு வந்துவிட்டாரா என்று அறிய இரண்டு நாள், மூன்று நாள் காத்திருந்தவர்கள் நம்மில் உண்டு. எல்லோருடைய கையிலும் தொலைபேசி இருந்தது. அந்தத் தொலைபேசிகள் பேச ஒரு கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு கம்பி வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று.

அமெச்சூர் வானொலிக்கு நடுவில் எதுவும் தேவையில்லை. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு பட்டரி, ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அப்படியே.

இது கற்பனை அல்ல. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு அந்தமானிலுள்ள போர்ட் பிளேயருக்குப் போயிருந்தார். அங்கே அமெச்சூர் ஒலிபரப்புக்கு 1987இற்குப் பிறகு அனுமதியே கிடைத்திருக்கவில்லை. பல காலம் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அந்த அனுமதியைப் பெற்றார். உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு தொடர்பு கொள்வதுதான் பயணத்தின் நோக்கம். ஒரு விளையாட்டு என்றே சொல்லலாம். டிசம்பர் 26ஆம் திகதி காலை நிலம் அதிர்ந்தது, கடல் ஏறியது. விளையாட்டுக்காகக் கொண்டுபோன அதே பெட்டிகள், தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வழியாக மாறின. கார் நிக்கோபாருக்கும் வானொலி போனது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடிய குடும்பங்களுக்கு அவர் வழியாகத்தான் பதில் கிடைத்தது.

அதே நாட்களில் நமது நாட்டிலும் இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டைக்குப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய், கொழும்போடு சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அப்போது சங்கத்தை முன்நின்று நடத்தியவர் விக்டர் குணதிலக்க. அவரது அழைப்புக் குறி 4எஸ்7விகே. உலகத்தில் எங்கே 4எஸ்7 என்று கேட்டாலும் அது இலங்கை என்று அறிந்துகொள்வார்கள். கார் பட்டரியில் ஓடும் பெட்டிகள்தான் அவர்களுக்குக் கைகொடுத்தன.

இனி நமது மலைக்கு வருவோம். மாத்தளையில் வானொலி பற்றிப் பேசினால் உடனே வரும் கேள்வி, “நக்கிள்ஸ் மலை குறுக்கே நிற்கிறதே?” என்பது. நியாயமான கேள்வி. 144 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் கண்பார்வை போல நேராகப் போகும். இங்கிருந்து லக்கல பார்வையில் படாது, ஆகவே அலையும் சேராது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் குணம் வேறு. நிலத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் கம்பியைக் கட்டினால் அலை பெரும்பாலும் நேர் மேலே போகிறது. மேலே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனமண்டலத்தில் பட்டு, தலைக்கு மேல் பெய்யும் மழைபோலக் கீழே இறங்குகிறது. மழை மலையின் இந்தப் பக்கம் மட்டுமா பெய்கிறது? இரத்தோட்டை, லக்கல, தம்புள்ளை, கண்டி, கொழும்பு எல்லாவற்றிலும் இறங்கும். அதற்கு வேண்டிய கம்பி முழு நீளமும் சேர்த்து ஏறத்தாழ 20 மீற்றர். நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் 10 மீற்றர். உயரமான கோபுரம் வேண்டாம். இரண்டு மரம் போதும்.

ஆனால் இங்கேதான் எங்கள் கோரிக்கையின் முக்கியமான பகுதி வருகிறது. குரலில் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பேரிடரில் போகிற செய்தி “நலம்” என்ற ஒற்றைச் சொல் அல்ல. அது பெயர்ப் பட்டியல். ஒரு தோட்டத்தில் பதினைந்து மாரியாயி இருப்பார்கள், எட்டு செல்வராணி இருப்பார்கள், இன்னும் நாலு செல்வராஜி இருப்பார்கள். லயத்தின் இலக்கமும் காம்பிராவின் இலக்கமும் சேர்த்தால்தான் ஆள் இன்னார் என்று தெரியும். இரைச்சல் நிறைந்த அலைவரிசையில் அறுபது பெயரைக் குரலில் வாசித்து, அந்தப் பக்கம் ஒருவர் எழுதி, மறுபடி வாசித்துச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதில் ஒரு இலக்கம் மாறினால் ஒரு வீட்டில் ஒப்பாரி எழும், வேறொரு வீட்டில் வீண் நம்பிக்கை வரும்.

இதற்குத்தான் டிஜிட்டல் முறை. 1978இல் கனடாவின் மொன்றியல் நகரில் அமெச்சூர்கள் தொடங்கிய ‘பக்கற் வானொலி’யைச் சொல்கிறோம். நீண்ட செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது பொட்டலம் என்று குறித்து அனுப்புவார்கள். கடைக்காரர் பற்றுச்சீட்டின் அடியில் கூட்டுத்தொகை போடுவது போல, ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அந்தப் பக்கத்துக் கணினி கூட்டிப் பார்க்கும். சரியென்றால் “கிடைத்தது” என்று பதில் போகும். சரியில்லை என்றால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். பதில் வராததைக் கண்டு இந்தப் பக்கம் மறுபடி அனுப்பும். ஊகிக்கிற வேலை அங்கே இல்லை. செல்வராணி செல்வராணியாகவே போய்ச் சேருவார். நேரே எட்டாத இடமென்றால் நடுவில் இன்னொரு நிலையம் வாங்கிக் கைமாற்றிவிடும்.

இந்த யோசனையின் பாட்டி ஹவாய்த் தீவுகளில் இருக்கிறாள். தீவுகளில் சிதறிக் கிடந்த கணினிகளை வானொலியால் இணைக்க ஹவாய்ப் பல்கலைக்கழகம் 1971இல் ‘அலோஹாநெற்’ என்ற வலையமைப்பை இயக்கியது. இன்று உங்கள் அலுவலகங்களில் உள்ள ஈதர்நெற் இணைப்பு அதிலிருந்து பாடம் கற்றதுதான். கடலால் பிரிந்தவர்களுக்கு ஒரு வழி. மலையால் பிரிந்த நமக்கு அது பொருந்தாமலா போகும்?

வின்லிங்க் என்று இன்னொரு ஏற்பாடு உண்டு. இங்கே இணையம் செத்திருக்கும்போது மின்னஞ்சலைச் சிற்றலையில் அனுப்புவது. இணையம் உயிரோடு இருக்கும் தூரத்து நிலையம் ஒன்று, அது கடல் கடந்த நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, அதை வாங்கி உரிய முகவரிக்குச் சேர்த்துவிடும். தோட்டத்து மடத்திலிருந்து புறப்பட்ட இரண்டு வரி டொரொன்டோவில் ஒரு மகளின் கைத்தொலைபேசியில் சாதாரண மின்னஞ்சலாக விழும். மிக மெதுவான வழி. படம், காணொளி எதற்கும் ஆகாது. அந்த மூன்று நாளில் படமா கேட்டோம்?

எஃப்ரி8 என்ற முறையையும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம். 2017இல் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ ரெய்லர் 1993இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். மாசிமகத்தன்று முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் வீதியில் வரும்போது, மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் இந்த நேரத்தில் நீ, அடுத்த நேரத்தில் நான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, நாலே சொல்லுக்குள் பேசுவதென்று முடிவுசெய்திருந்தால் வாயசைவே போதும் அல்லவா? எஃப்ரி8 அப்படித்தான். 15 விநாடிக்கு ஒருமுறை, மணிக்கூட்டைப் பார்த்து, எட்டே எட்டுத் தொனிகளில் மிகச் சிறிய செய்தி. காதுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும்போதும் கணினி செய்தியைப் பிரித்து எடுத்துவிடும். கணினிகள் இரண்டு பேசிக்கொள்கின்றன, மனிதருக்கு என்ன வேலை என்று பழைய வானொலிக்காரர்கள் முணுமுணுப்பது உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பட்டியல் அனுப்பவும் அது உதவாது, சுதந்திரமாக எழுதினால் 13 எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆனாலும் உயர்தரப் பிள்ளைக்கு அயனமண்டலத்தைக் காட்ட அதைவிட நல்ல கருவி எங்களுக்குத் தெரியாது. காலையில் எந்த நாடு கேட்கிறது, மாலையில் எது மறைகிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே கண்டுகொள்வாள்.

தொலைவில் குறியொலி அனுப்புவது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் தப்பின் அடியைக் கேட்டே சாவா, திருவிழாவா என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். மோர்ஸ் குறி அதற்கு எவ்வளவு தூரம்?

இதுவரை நம்மவர் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று ஒருவர் கேட்டார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் வீட்டுக் கூரையில் புதிதாய் ஒரு கம்பி கட்டுவதைப் பற்றி யார்தான் நினைத்திருப்பார்கள்? தமிழ் வீட்டில் ஒலிபரப்புக் கருவி என்றால் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயம் வீட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் தனி வீடுகளில் அல்லாமல், பாடசாலையில், பகிரங்கமாக, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையும் அனுமதிப் பத்திரமும் பெற்றுத் தொடங்க வேண்டும் என்கிறோம்.

“பெண்பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதா?” இதையும் கேட்டார்கள். அமெச்சூர் வானொலியில் இரகசியக் குறியீடு போட்டுப் பேசுவதற்குச் சட்டம் இடம் தராது. வியாபாரமும் பேச முடியாது. பேசுவதை உலகமே கேட்கலாம், அதிபரும் கேட்கலாம். போகிற பெயர் பிள்ளையின் பெயர் அல்ல, கழகத்தின் அழைப்புக் குறி. பிள்ளையின் பைக்குள் இருக்கும் கைத்தொலைபேசியைப் பற்றி இப்படி ஓர் உத்தரவாதம் யாராலும் தர முடியுமா? (பெண் வானொலியாளர்களை அங்கே ‘இளம் மங்கை’ என்ற பொருளில் வை.எல். என்பார்கள். எண்பது வயதிலும் அதே பெயர்தான். இந்த ஒன்றுக்காகவே அக்காமார் சிலர் பரீட்சை எழுதக்கூடும்.)

பணம் பற்றி இரண்டு வார்த்தை. இணையம் சிறு பிள்ளையாக இருந்த 1981இல், 44 என்ற எண்ணில் தொடங்கும் இணைய முகவரிகள் அத்தனையும், ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல், அமெச்சூர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. அன்று அவற்றுக்கு விலையே இல்லை. திருகோணமலை வீதியில் தாத்தா வாங்கிப் போட்ட காணி மாதிரி, பிறகு விலை ஏறிவிட்டது. 2019இல் அதில் கால் பங்கை அமேசான் நிறுவனம் 10 கோடி டொலருக்கும் கூடிய விலைக்கு வாங்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு ‘அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கொமியூனிகேஷன்ஸ்’ என்ற அமெரிக்க அறக்கட்டளை வானொலிக் கழகங்களுக்கும் கல்வி முயற்சிகளுக்கும் மானியம் வழங்கி வருகிறது. நாமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்பது அழகல்ல. முதல் பெட்டியும் முதல் பட்டரியும் நம்முடையதாக இருக்கட்டும்.

இடம் பார்த்துவிட்டோம். பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு மேல்மாடியில் உடைந்த கதிரைகள் அடுக்கிய ஒரு சிறு அறை. அதன் கூரைக்கும் மைதான ஓரத்து மரத்துக்கும் இடையில் 20 மீற்றர் கம்பிக்குத் தாராளமாக இடமுண்டு. கூரையில் ஒரு சூரியப் படலம், உள்ளே ஒரு பட்டரி, ஒரு சிற்றலைப் பெட்டி, ஒரு மடிக்கணினி. மலைக்கு அந்தப் பக்கம், லக்கலப் பகுதியில், இதேபோல இன்னொரு சிறு நிலையம். ஒரு முனை மட்டும் இருந்து பயனில்லை. ஒவ்வொரு கிழமையும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், இரண்டு முனையும் ஒரு பட்டியலை அனுப்பிப் பழக வேண்டும். வெள்ளம் வந்த அன்று கையேட்டைத் திறந்து படிக்க முடியாது.

வெளிநாட்டில் பொறியியலாளர்களாக இருக்கும் தோழிகளிடம் பணத்தைவிட நேரத்தைக் கேட்கிறோம். சனிக்கிழமை மாலையில் இணையவழி ஒரு மணித்தியாலம், பரீட்சைப் பாடம் சொல்லிக்கொடுக்க. லக்கல, இரத்தோட்டைப் பக்கம் வீடு உள்ளவர்களிடம் கேட்பது ஒரு கூரையும் இரண்டு மரமும். பெயர் தர விரும்புவோருக்கு வாசலருகே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இதை மலரில் வாசிப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதலாம். எழுதும்போது உங்கள் ஊரையும், அங்கே அழைப்புக் குறி உள்ளவர் யாரையாவது தெரியுமா என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.