கொல்லிமலைக் காடும் கரிம நிதியும்

காட்டைக் காப்பதாலோ சிதைந்த காட்டை மீட்பதாலோ காற்றில் கலவாமல் தடுக்கப்படும் அல்லது காற்றிலிருந்து ஈர்க்கப்படும் கரியமில வாயுவை அளந்து, டன் ஒன்றுக்கு ஒரு கரிம வரவு எனக் கணக்கிட்டு, தம் வாயு வெளியீட்டை ஈடுசெய்ய விரும்பும் நிறுவனங்களுக்கு விற்று, அத்தொகையைக் காடு காப்போருக்கு வழங்கும் ஏற்பாடே வனக் கரிம நிதியாகும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு டன் கரிமம் 3.67 டன் கரியமில வாயுவுக்கு நிகர். காகித ஆலையைக் கொண்ட பள்ளிபாளையம் வெட்டிய மரத்தின் விலையை நன்கறிந்த ஊர். நிற்கும் மரத்திற்கு விலை வைக்கும் இவ்வேற்பாடு இதே நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒரு திட்டத்தின் வாய்ப்பை நான்கு அளவுகோல்கள் தீர்மானிக்கின்றன. திட்டம் இல்லாவிடில் காடு என்னவாகும் என்பது அடிப்படை நிலை. நிதி வந்ததால்தான் பயன் விளைந்ததா என்பது கூடுதல் தன்மை. இங்கே தடுத்த வெட்டு அடுத்த மலைக்கு நகர்ந்ததா என்பது கசிவு. தீயையும் வறட்சியையும் தாண்டிச் சேமிப்பு நீடிக்குமா என்பது நிலைப்பு. அடிப்படை நிலையை மிகைப்படுத்தினால், எவரும் வெட்ட எண்ணாத மரத்திற்கும் வரவு எழுதப்பட்டு, வாங்கியவரின் ஆலைப் புகை மட்டுமே மிஞ்சும்.

இந்தியாவில் வனக் கரிம நிதிக்குச் சிறந்த சான்று மேகாலயாவின் காசி மலைத் திட்டமாகும். ஹிமா எனப்படும் பத்து மரபுவழி ஆட்சியமைப்புகள் ஒன்றிணைந்து, 62 ஊர்களைச் சார்ந்த சுமார் 27,000 எக்டேர் நிலப்பரப்பில், தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தும், மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியும், விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளைப் பரப்பியும் காட்டைத் தானே தழைக்கச் செய்தன. பிளான் விவோ என்னும் பன்னாட்டுத் தரச்சான்றின்கீழ் கரிம வரவுகள் விற்கப்பட்டன. அங்கே காட்டின் பெரும்பகுதி ஊர்ச்சமூகங்களுக்கும் குலங்களுக்கும் உரியதாதலால், உழைத்தவர் கைக்கே வருவாய் செல்ல வழியிருந்தது.

கொல்லிமலையின் நிலை வேறு. இங்குக் காப்புக்காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்க, மலையாளிப் பழங்குடியினர் பட்டா நிலத்தில் மிளகும் காபியும் மரவள்ளியும் விளைவிக்கின்றனர். மிளகுக்கொடிக்காக ஏற்கெனவே நட்ட சில்வர் ஓக் மரங்கள் கூடுதல் தன்மைச் சோதனையில் தேறுவது கடினம். மரவள்ளி பரவியதால் ஏற்கெனவே சுருங்கிப்போன சாமை, தினை, கேழ்வரகு நிலங்களில் மரம் நடுவதோ உணவுக்கு ஊறு. சுமார் 280 சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஒற்றை மலைக்கு அளவீட்டுச் செலவும் தணிக்கைச் செலவும் பெருஞ்சுமையாதலின், சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை ஆகியவற்றையும் சேர்த்த ஒரே தொகுப்பாக, சிதைந்த சரிவுகளை நாட்டுமரங்களால் மீட்கும் திட்டமே தாக்குப்பிடிக்கும்.

ஆகவே, வாய்ப்பு உண்டு. ஆனால் அது மரத்தின் பருமனைவிட உரிமையின் உறுதியையே சார்ந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் மேலாளவும் கிராமசபைக்கு உரிமை அளிக்கிறது. அவ்வுரிமையை முதலில் ஏற்பளித்து, ஒப்பந்தத்தின் காலத்தையும் வருவாய்ப் பங்கையும் தமிழில் எழுதிக் கிராமசபையில் படித்துக்காட்டி, இசைவு பெற்ற பின்னரே எந்தக் கரிம வரவும் விற்கப்பட வேண்டும் என அரசும் ஆய்வாளரும் மலைமக்களின் பக்கம் நின்று வலியுறுத்துவது கடமையாகும்.