அபயதானமும் நாட்டின் வீர விருதுகளும்



கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தார், போர்க்களத்தில் ஈட்டிய பதக்கங்களைப் போற்றலாமா? இவ்வினா இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பே. இதற்கான விடை சமண அறநூல்களிலேயே உள்ளது. இம்சையை ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நால்வகையாகப் பகுத்த ஆசாரியர்கள், கொல்லும் எண்ணத்தோடு செய்யப்படும் சங்கல்பி இம்சையை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும் என்றனர். நாட்டையும் எளியோரையும் காக்கும் கடமையில் நேரும் விரோதி இம்சையை முற்றும் துறத்தல் துறவியர்க்கே விதிக்கப்பட்டது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர், கங்க அரசின் படைத்தலைவராகவும் விளங்கியவர் அல்லரோ?

விருது பெற்றோர் வரலாறுகளை ஊன்றிப் படித்தால் மற்றோர் உண்மையும் புலனாகும். போரில் காட்டும் வீரத்திற்கென 1950 சனவரி 26 அன்று பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகியவை நிறுவப்பெற்றன. இவற்றுள் இரண்டாவது, பகவானின் திருப்பெயரோடு ஒத்த பெயருடையது. அதனைப் பெற்றவருள் ஒருவர் கடற்படைக் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. 1971 டிசம்பர் 9 இரவு, தையூ கடற்பகுதியில் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு ஆளாகிக் ‘குக்ரி’ என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. அதன் தலைவரான முல்லா, தமக்குரிய உயிர்காப்புச் சட்டையை மாலுமி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, தம் வீரர்களைத் தப்பிக்கச் செய்வதிலேயே முனைந்திருந்தார். இறுதியில் கப்பலோடு தாமும் மூழ்கினார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பெற்றது.

பகைவரை எதிர்த்த போர்க்களத்திற்கு வெளியே நிகழும் வீரச் செயல்களுக்கு உரிய உயர்ந்த விருது அசோகச் சக்கரம். அதனைப் பெற்ற முதற் பெண்மணி நீரஜா பனோட். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பயங்கரவாதிகள் விமானமொன்றைக் கைப்பற்றினர். அவ்விமானத்தில் பணிபுரிந்த நீரஜா, அவசரக் கதவைத் திறந்து பயணிகளை வெளியேற்றினார். தாமே முதலில் தப்பியிருக்க இயலும். அவரோ குழந்தைகளைத் தம் உடலால் மறைத்துக் குண்டுகளைத் தாங்கினார். அப்போது அவருக்கு வயது 22.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை அறியாத சமண இல்லம் இல்லை. அஞ்சிய உயிர்க்கு அச்சம் போக்குவதே அபயதானம். முல்லாவும் நீரஜாவும் ஈந்தது அதுவே. நீரில் மூழ்குவோரையும் தீ, மின்தாக்கு, நிலச்சரிவு, சுரங்க விபத்து ஆகியவற்றில் சிக்குவோரையும் மீட்கும் குடிமக்களுக்கு 1961 முதல் வழங்கப்பெறும் ஜீவன் ரக்ஷா பதக்கமும் இத்தானத்திற்குரிய சிறப்பே. அதன் பெயரிலேயே ஜீவரட்சை இருக்கிறது.

தொண்டுக்குரிய பத்ம விருதுகளையும் இவ்வாறே காணலாம். தே. ரா. மேத்தா 1975இல் ஜெய்ப்பூரில் பகவான் மகாவீரர் பெயரால் நிறுவிய அமைப்பு, கால் இழந்தோர்க்குக் கட்டணமின்றிச் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. அவருக்கு 2008இல் பத்மபூஷண் வழங்கப்பெற்றது. இராஜகிருகத்தில் வீராயதனத்தை நிறுவி, கண் மருத்துவமும் கல்வியும் ஏழைகளுக்குக் கிட்டச் செய்த ஆசாரிய சந்தனாஜி 2022இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ஆதலின், பத்ம விருது பெற்றோர் அதனைத் தம் பெயரின் முன்னோ பின்னோ பட்டமாகச் சேர்த்தல் கூடாது. நாடு செயலைப் போற்றுகிறது. மானம் என்னும் கஷாயத்திற்கு இடமளிக்கவில்லை.

எனவே, இளைஞர்களே, நீந்தவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். குருதி வழங்குங்கள். விபத்தில் வீழ்ந்தவரைக் கண்டும் காணாதவர் போலக் கடந்து செல்லாதீர்கள். பதக்கம் சிலர்க்கே வாய்க்கும். அபயமளிக்கும் வாய்ப்போ எவர்க்கும் எந்நாளும் வரலாம்.

வாழ்க அறம்! வளர்க ஜீவதயை!